அடுப்படியிலிருந்து ஒரு பதில்

— மொதல்ல மூச்சு வாங்கு. செருப்போட அடுப்படிக்குள்ள ஓடி வர்றியே, என்னன்னு நான் கேக்கறதுக்குள்ள.

— உங்களுக்கு ஒண்ணும் இல்லையேப்பா?

— எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். ஓடற பஸ்ஸுல நின்னுக்கிட்டே டிக்கெட் கிழிச்ச காலு இது. ரைட்டு, உக்காரு.

— போன் ஏன் எடுக்கல?

— குளிச்சிட்டிருந்தேன். வந்து பாத்தா உன் பேரு வரிசையா நிக்குது. திருப்பிக் கூப்பிட்டா நீ எடுக்கல.

— பஸ்ஸப் பிடிக்க ஓடிட்டிருந்தேன். அப்புறம் சார்ஜும் போயிடுச்சு. அப்பா, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.

— சொல்லு, இன்ஜினியரம்மா.

— அம்மா போனப்புறம் இந்த ஷெல்ஃபுல ஒரு சின்னப் பெட்டி வெச்சிட்டுப் போனேன்ல.

— கேஸ் கசிஞ்சா கத்தும்னியே. ஒரு நாளும் கத்தல.

— அது கத்தாது. அடுப்படி எவ்ளோ சூடா இருக்குன்னு அளக்கும், அவ்ளோதான். அங்க என் கம்ப்யூட்டர்ல ஒரு புரோகிராம் ஓடுது. நெட் வழியா அப்பப்ப வந்து இந்தப் பெட்டியக் கேக்கும், இப்ப எவ்ளோ சூடுன்னு. பெட்டி பதில் சொல்லும். காலைல சூடு ஏறிச்சுன்னா நீங்க எந்திரிச்சு காபி போடறீங்கன்னு அர்த்தம். அதப் பாத்துட்டுத்தான் நான் பல்லே விளக்குவேன்.

— இதுக்குப் பெருசா எழுதணுமோ?

— இல்லப்பா. யாரோ ஒரு புண்ணியவான் எழுதி வெச்ச ரெடிமேட் குட்டி புரோகிராம் இருக்கு, லைப்ரரின்னு சொல்வோம். இந்த விலாசத்துக்குப் போய்க் கேட்டுட்டு வான்னு நாம ஒரு வரி எழுதினாப் போதும். மிச்சத்த அதுவே பாத்துக்கும்.

— சரி, அதுக்கு ஏன் கண்ணக் கசக்கறே?

— நேத்துக் காலைக்கப்புறம் பெட்டிகிட்டருந்து பதிலே வரல. எனக்கு அது தெரியவும் இல்ல. எவ்ளோ நேரம் காத்திருக்கணும்னு நான் அதுல எழுதி வெக்கல. நாமளா ஒரு கெடு சொல்லலன்னா, கேட்டுட்டு அப்படியே நின்னுடும். தப்புன்னும் சொல்லாது, திரும்பியும் வராது.

— நான் விசில் குடுக்க மறந்தா டிரைவர் ஸ்டாப்புலயே நிப்பாரே, அந்த மாதிரி.

— அதே மாதிரிதான். ஸ்கிரீன்ல நேத்துக் காலைல வந்த சூடே நின்னுட்டிருந்துச்சு. அப்பா நல்லாத்தான் இருக்கார்னு நானும் சிநேகிதிங்களோட ஊர் சுத்திட்டு வந்து தூங்கிட்டேன். இன்னைக்கு விடிஞ்சப்புறம் பாத்தா நம்பர் அசையவே இல்ல. நீங்க விழுந்து கிடந்திருந்தா?

— விழலையே.

— விழுந்திருந்தா? அம்மாவுக்கு ஆனப்பவும் எனக்குச் சாயங்காலம்தான் தெரிஞ்சுது.

— இங்க வா. கிட்ட வா. அன்னைக்குப் பக்கத்து ரூம்ல இருந்த எனக்கே தெரியல. அதப் போட்டு மனசக் குடையாத.

— பெட்டிக்கு என்ன ஆச்சுன்னு பாக்கறேன், இருங்க. அப்பா, பிளக்கே வெளிய கிடக்கு. யாரு பிடுங்கினது?

— நான்தான்.

— ஏம்பா?

— நேத்து தண்ணி கொதிக்கறப்பவே கேஸ் தீர்ந்துபோச்சு. புது சிலிண்டர் நாளைக்குத்தான் வருமாம். இன்னைக்குக் காலைல அடுப்பு எரியலன்னா நீ பயந்துடுவே. பெட்டி ரிப்பேர்னு நினைச்சுக்கட்டும்னு பிடுங்கி வெச்சேன்.

— அப்ப இது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?

— எனக்கு ஜுரம் வந்துச்சே, அன்னைக்கு லேட்டா எந்திரிச்சேன். தீப்பெட்டியத் தேடறதுக்குள்ள நீ போன் பண்ணி, உடம்பு சரியில்லையாப்பான்னு கேட்டே. கேஸ மோப்பம் பிடிக்கிற பெட்டி ஜுரத்த எப்படிப் பிடிக்கும்? டிக்கெட் எடுக்காதவனை அவன் முழிய வெச்சே பிடிச்சவன்டி நான்.

— தெரிஞ்சும் வாயத் தொறக்கலியே.

— தொறந்தா கழட்டிட்டுப் போயிடுவே. போன்ல நாம என்னத்தப் பேசறோம்? சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வெச்சிடறேன். பெட்டியாவது பேசட்டும்னு விட்டுட்டேன்.

— அழ வைக்காதீங்கப்பா. புரோகிராம்ல கெடு வெச்சு மாத்திடறேன், இனிமே பதில் வரலன்னா உடனே எனக்குத் தெரியும். அது இருக்கட்டும், நேத்துலருந்து காபி இல்லாம எப்படி இருக்கீங்க? கீழ கடைல வாங்கிட்டு வரேன். உங்களுக்கு ஸ்ட்ராங்காத்தானே?

— உனக்கு மட்டும் வாங்கிக்க.

— என்னப்பா இது, தினம் விடிஞ்சதும் போடறவருக்கு இன்னைக்கு மட்டும் என்ன?

— உங்கம்மா போனதோட நான் காபிய விட்டுட்டேன்மா. தினம் அடுப்புல வெச்சது வெறும் தண்ணிதான். நீ அங்க கேட்டுக்கிட்டிருப்பியே.