முதல் சூடு

சைலன்சருக்குச் சாதாரண சில்வர் பெயிண்ட் அடிக்கிறவனை நான் பெயிண்டர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஐயா, நீங்கள் ஜீப்பில் போகிறவர், உங்களுக்கும் இது பயன்படும். அந்தப் பெயிண்ட் நாலே நாளில் கருகி உரிந்துவிடும். சூடு தாங்குகிற பெயிண்ட் தனியாக இருக்கிறது, மதுரைக்குப் போனால்தான் கிடைக்கும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, தின்னரில் துடைத்துவிட்டு, இரண்டு கை மெல்லிசாகப் பூச வேண்டும். மொத்தமாக அப்பினால் கொப்புளம் போடும். எனக்கு இதில் பத்தொன்பது வருஷம். ராஜபாளையத்தில் பீர் முகமது பாய் பட்டறையில் இந்தச் சுயம்புலிங்கம் கைபட்ட வண்டி என்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் எஃப்.சி. சோதனையில் மறுபேச்சு இருக்காது.

பாயை விட்டுவிடுங்கள். சைலன்சர் பைப்பில் சுண்டுவிரல் நுழைகிற ஓட்டையைப் பார்த்ததும், “மாத்திருலே, பூசி மெழுகாத” என்றுதான் அவர் சொன்னார். மாற்றிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மாற்றாதவன் நான்.

வண்டி என் தங்கச்சி நாச்சியாரின் புருஷன் வேல்சாமியுடையது. ஸ்ரீவில்லிபுத்தூரில் டாக்சி ஓட்டுகிற அம்பாசடர். நாச்சியார் தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, ஏழு வயதிலிருந்து நான் வளர்த்தவள். அவளுக்காகத்தான் நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அவள் அப்படிக் கேட்கவில்லை என்பது வேறு. இந்த வருஷம், தொண்ணூற்றொன்று தை மாசத்தில்தான் கட்டிக்கொடுத்தேன்.

வேல்சாமி குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். நீங்கள் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். அவன் தப்பு வேறு. வைகாசியில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அடுப்படியில் அவன் என்னமோ சொல்ல, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் வீட்டில் பதினான்கு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்ததில்லை. நாலே மாசத்தில் ஒரு பெண்ணை அப்படி மாற்றுகிறவன் என்னென்ன சொல்லிக் கொடுத்திருப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை முதல் ஆடிக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்து வருவது வழக்கம். தேங்காய், பழம், அவளுக்குச் சேலை, அவனுக்கு வேட்டி எல்லாம் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு போனேன். வேல்சாமி வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனான். மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அவளை அனுப்பவில்லை.

“பஸ்ஸு குலுங்குனா இவளுக்குக் கொமட்டுது மச்சான். வண்டிக்குப் பெயிண்டு வேல முடியட்டும், பொறவு நானே கூட்டிட்டு வாரேன்” என்றான்.

அவள் கதவோரம் நின்று தலையைக் குனிந்துகொண்டாள். என்னோடு இருந்தவரை எந்த பஸ்ஸிலும் அவளுக்குக் குமட்டியது கிடையாது. அதனால் பொய் என்று முடிவு செய்தேன். சீர் கொண்டுபோனவன் பெண் இல்லாமல் தனியாக எங்கள் ஊரான தேவதானத்தில் வந்து இறங்கினேன். பஸ் ஸ்டாப்பில் சிவனாண்டி, “எங்கலே ஒந் தங்கச்சி?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கட்டிக்கொடுத்த பெண்ணைத் திருப்பிக் கேட்க முடியாது. ஆனால் தாலி அறுத்துவிட்டால், அண்ணன் வீட்டைத் தவிர அவளுக்குப் போக்கிடம் இல்லை. இதை நான் கோபத்தில் நினைக்கவில்லை ஐயா. ஒரு கை பூசிவிட்டு அது காய்வதற்காக உட்கார்ந்திருந்தபோது நிதானமாக நினைத்தேன்.

எஃப்.சி. நெருங்குகிறது என்று வண்டியை அவனேதான் கொண்டுவந்து விட்டான். ஓட்டையின் மேல் சூட்டுக்கு நிற்காத பூச்சை வைத்து, அதன் மேல் நல்ல பெயிண்டைப் பூசினேன். பின்சீட்டுக்குக் கீழே தரைத் தகட்டில் ரப்பர் மூடி ஒன்று உண்டு. அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். நீங்கள் எடுத்து மேசைமேல் வைத்திருப்பது அதுதான்.

சாயங்காலம் வண்டி எடுக்க வந்தவனிடம், ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் கண்ணாடியைத் திறந்துவைத்து மெதுவாகப் போகச் சொன்னேன். பிறகு இதைச் சொன்னேன்:

“நாளைக்குக் காட்டுற மொத சூடுதான் முக்கியம் மாப்ளே. செத்த தூரம் ஓட்டிட்டு, ஓரமா நிப்பாட்டி ஒரு மணி நேரம் இஞ்சின் ஓடணும். ஆக்சிலேட்டர்ல காலை லேசா வச்சிட்டு உள்ளயே இருங்க. பெயிண்டு பொகைஞ்சு வாடை வரும், பயப்படாதிய. கண்ணாடிய ஏத்திக்கிடுங்க.”

அதில் பாதி உண்மை. முதல் சூட்டில் அந்தப் பெயிண்ட் புகையத்தான் செய்யும், கண் எரியும், தலை வலிக்கும். அந்த வாடையை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறவன், தரை ஓட்டை வழியாக ஏறுகிற இஞ்சின் புகையைத் தேட மாட்டான். பிறகு தூக்கம்தான் வரும். அவன் கஷ்டப்பட வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

வேல்சாமி சொன்ன சொல் தட்டாதவன். மறுநாள் காலை சேத்தூரைத் தாண்டி, புளியமரத்தடியில் ஒதுக்கி நிறுத்தியிருக்கிறான். மலைப்பக்கமிருந்து சாரல் அடித்திருக்கிறது. ஆடு மேய்க்கிற தங்கபாய் போய்ப் பார்த்தபோது நாலு கண்ணாடியும் ஏற்றியிருந்தன, இஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததாம்.

பட்டறைக்குத் தகவல் வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். அழுகிற முகத்தை ஜன்னலோரமாகத் திரும்பிப் பழகிக்கொண்டேன். அங்கே போய்ச் சேர்ந்தபோது அது தேவைப்படவில்லை. பின்சீட்டில் நாச்சியார் சாய்ந்து கிடந்தாள். தலையில் பூ வாடாமல் இருந்தது. காலடியில் தூக்குவாளி கவிழ்ந்து பருப்புப் பாயசம் கொட்டியிருந்தது. எனக்குப் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். தேவதானத்துக்கு இன்னும் இரண்டே மைல். எனக்கு எதற்கு அப்படித் தோன்றியதோ, குனிந்து சைலன்சரைப் பார்த்தேன். ஒரு கொப்புளம்கூட இல்லை.

வயிற்றில் மூன்று மாசம் என்று பெரிய டாக்டர் எழுதியிருப்பதை நீங்கள் சொல்லித்தான் கேள்விப்படுகிறேன்.

வேல்சாமியை நான்தான் கொன்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தங்கச்சி பெயரை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். நாளைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவளை பஸ்ஸில் அனுப்பச் சொல்லியிருப்பேன். நாச்சியாரைக் கொன்றது அவன்தான் ஐயா.