எதிர்ப்பக்கம் ஓடின சங்கிலி

— பொய் சொல்லாத சுப்ரஜா. இந்தத் துணியில ஆரிப் பூக்கொடிய நீ போடல.

— இல்ல கவுசர் டீச்சர், நான்தான். வீட்ல உக்காந்து போட்டேன்.

— இங்க பத்து கண்ணிக்கு ஒருவாட்டி நூலை அறுக்கற. வீட்டுக்குப் போனா மலை மேல இருந்து முருகன் எறங்கி வந்து போட்டுக் குடுக்கறாரா?

— இல்ல...

— நான் சொல்லிக்குடுத்தது வலப்பக்கம் ஆரம்பிச்சி இடப்பக்கம் போற சங்கிலித் தையல். இது எதிர்ப்பக்கம் ஓடுது. இடதுகைக்காரங்க போட்டது. நாளைக்கு அரக்கோணத்துல இருந்து பிளவுஸ் கடைக்காரம்மா ஆள் எடுக்க வர்றாங்க. இத நம்பி உன் பேரச் சொல்லிட்டேன். அவங்க முன்னால போடச் சொன்னா என்னா பண்ணுவ?

— எங்க பாவா போட்டது, டீச்சர்.

— உன் வூட்டுக்காரரா? பவர்லூம் ஓட்டிகினு இருந்தாரே, நாகேஷ்?

— ஆங். தறி நின்னு ரெண்டு மாசம். சும்மா இருக்க முடியாம என் நோட்ட எடுத்துப் படிச்சாரு. வலதுன்னு எழுதினதெல்லாம் இடதா மாத்திக்கினாரு. பொம்பளைங்க வகுப்பாச்சே, அதான் என்னுதுன்னு குடுத்துட்டேன். என்னை நிறுத்திடாதீங்க டீச்சர். தப்புத்தப்பா போட்டாலும் இங்க வர்றது புடிச்சிருக்கு.

— நீ கூட இருந்து காட்டலியா?

— எனக்கே வரல, எங்க காட்டறது? வெறும் நோட்டுதான்.

— குடு பாக்கலாம்... ‘ஊசி மேல வரும்போது அரைத் திருப்பு. நூல் இறுகினா, துணிக்குக் கீழ இருக்கற கையில சுண்டுவிரலைத் தளர்த்தணும்.’ சுண்டுவிரலா? நான் எப்ப சொன்னேன்?

— சொல்லல. நீங்க பண்றீங்க. துணி கட்டின ஸ்டாண்டுக்கு அடியில குனிஞ்சி பாத்து எழுதினேன். தப்பா டீச்சர்?

— இரு, போட்டுப் பாக்கறேன்... யா அல்லா! விரல் தானா தளருது! ஆறு வருசமா சொல்லிக்குடுக்கறேன், எனக்கே தெரியாது. நூல் அறுந்துச்சின்னு வர்ற பொண்ணுங்களுக்கு ‘பொறுமையா போடு’ன்னு சொல்லியே காலத்த ஓட்டிட்டேன்.

— அந்த வரிய அடிச்சிடட்டுமா?

— அடிச்ச, கைய ஒடிப்பேன். நாளைக்கு கடைக்காரம்மா முன்னால உங்க பாவா வந்து உக்காரட்டும்.

— அப்ப நானு?

— நோட்ட எடுத்துகினு இந்தப் பக்கம் வா, என் நாற்காலிகிட்ட. நான் போட்டுக் காட்டறேன். பொண்ணுங்களுக்கு நீ சொல்லிக்குடு.