கிரேனில் வந்த தூக்கம்

செம்பவாங் கப்பல் பட்டறைக்குப் போகும் காலை பஸ். எனக்கு முன் இருக்கையில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். இளையவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பெரியவரிடம் சொன்னார்:

"அண்ணே, நேத்து கிரேன்லயே தூங்கிட்டேன்."

"என்னடா சொல்றே?"

"சளி தாங்கல. கிளினிக்ல குடுத்த மாத்திரைக்குக் கேக்கல. சீனக் கடையில இருமல் மருந்து வாங்கி ரெண்டையும் சேத்துப் போட்டேன். கண்ணு தானா மூடிக்கிச்சு."

"உம் பொண்டாட்டி சுக்குத்தண்ணி வச்சுக் குடுக்கலயா?"

"குடுத்தா. காரமா இருக்குன்னு கொட்டிட்டேன்."

"எப்போடா தூங்கினே?"

"தேத்தண்ணி நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி. கொக்கியில இரும்புத் தகடு தொங்கிட்டிருந்திச்சு."

பெரியவர் சட்டென்று அவர் பக்கம் திரும்பினார்.

"அப்போ கீழ நின்னு கை காட்டினது நான்தானேடா! தகடு அசையலயேன்னு அண்ணாந்து பாத்துக்கிட்டே நின்னேன். உனக்குச் சிக்னல் தெரியலபோலன்னு இன்னும் கிட்ட வேற வந்தேன்."

"முழிச்சதும் பாத்தேன்ணே. நேரா தகட்டுக்குக் கீழ நின்னீங்க. அதான் சொல்லாம இருக்க முடியல."

"இன்னிக்கும் அந்த இருமல் மருந்தக் குடிச்சியா?"

"ரெண்டு மூடி."

பெரியவர் எழுந்து மணியை அழுத்தினார்.

"இறங்கு. டாக்டர்கிட்ட எம்சி வாங்கி லீவு போடு."

"போன வாரம்தான் எம்சி எடுத்தேன். போர்மன் திட்டுவார்லா."

"திட்டட்டும். நான் பேசிக்கிறேன்."

பட்டறைக்கு இரண்டு நிறுத்தம் முன்பே இருவரும் இறங்கினார்கள். பஸ் நகரும்போது திரும்பிப் பார்த்தேன். பெரியவர் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இளையவர் குனிந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.