மாவுப்பசையில் ஒட்டிய நூற்று நாற்பது புட்டிகள்

தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் ஆய்வகத் தலைவர் ஐயா அவர்களே, அறிவில் மூத்த பெரியோர்களே, மண்ணோடு மல்லுக்கட்டி வாழும் விவசாயப் பெருமக்களே, பெற்ற பிள்ளையாய்ப் பயிரைப் பார்க்கும் தாய்மார்களே, வெள்ளை அங்கிக்குள் வியர்வை சிந்தும் என் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. இந்தத் தாளை நானே எழுதினேன். எழுத்து மேடும் பள்ளமுமாகக் கிடக்கிறது. நடுவில் தடுக்கி நின்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். அறுபத்தெட்டு வயதில் அகரம் கற்றவன் நான். தெருவில் உள்ள கடைப்பலகைகளை எல்லாம் வாய்விட்டுப் படிப்பேன். கடைக்காரர் என்ன வேண்டும் என்பார். ஒன்றும் வேண்டாம், சும்மா படித்தேன் என்று நகர்வேன். சிரியுங்கள், ஐயா, சிரியுங்கள். இனிமேல் சிரிப்பதற்கு இடமில்லை.

எனக்குத் தந்த வேலை நன்றியுரை. ஆனால் அதற்கு முன் வேறொன்றைச் சொல்லியாக வேண்டும். ஏன் தெரியுமா? நாளைக் காலை ஒரு பெண்ணை வேலையை விட்டு அனுப்பப் போகிறீர்கள். அவள் எந்தப் பிழையும் செய்யவில்லை. பிழை செய்தவன் உங்கள் முன்னால் நிற்கிறேன்.

முன்வரிசையில் ஒரு தாய் என்ன பிழை என்று கேட்கிறார். சொல்கிறேன், அம்மா.

குங்குமப்பூச் செடி விதை விடாது. கிழங்குதான் அதற்குத் தாயும் மகளும். கிழங்கு அழுகினால் வம்சமே அழுகும். உங்கள் வயல்களில் அழுகியதே, மறப்பீர்களா? அதனால்தான் இங்கே நோயில்லாத ஒரே ஒரு கிழங்கைத் தேடி எடுத்தார்கள். அதன் முளையைத் துண்டாக்கி, புட்டிக்குள் ஊட்டக்கூழில் வைத்தார்கள். ஒன்று நாலாகி, நாலு நாற்பதாகி, இரண்டு ஆண்டில் தொள்ளாயிரம் புட்டி. ஒவ்வொன்றிலும் பச்சைத் தளிர், பட்டாணி அளவுக் கிழங்கு.

அந்த முளைகளை வெட்டி வைப்பவளை நாங்கள் கத்திக்காரி என்போம். புட்டி கழுவுவதும் அடுக்குவதும் என் வேலை. சாப்பாட்டு இடைவேளையில் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். முதல் முறை என் பெயரை எழுதிக் காட்டியபோது, "உங்க கை நடுங்கினாலும் எழுத்து நிக்குதுண்ணே. அது போதும்" என்றாள். அன்று நான் நடக்கவில்லை, ஐயா, மிதந்தேன்.

புட்டியில் தேதி எழுதும் வேலையைக் கேட்டு வாங்கினேன். கண்ணாடி மேல் மைப்பேனாவால் எழுத வேண்டும் என்று சொல்லித்தான் கொடுத்தாள். கண்ணாடியில் என் கை வழுக்கியது. ஒரு தேதி எழுதுவதற்குள் மூன்று முறை துடைத்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டில் மேசை மேல் தாளை வைத்து நிதானமாக எழுதினேன். அடுப்பில் மாவுப்பசை காய்ச்சினேன். நூற்று நாற்பது சீட்டு, நூற்று நாற்பது புட்டியில் ஒட்டினேன். ஏதுண்ணே இது என்று கேட்டாள். கடையில் வாங்கிய ஒட்டுத்தாள் என்றேன். பசை காய்ச்சினேன் என்றால் சிரிப்பாளே என்று சொன்ன பொய் அது. சின்னப் பொய். எவ்வளவு சின்னது? ஒரு மாவுத் தூசி அளவு.

மூன்று வாரத்தில் புட்டிகளில் வெள்ளைப் பூஞ்சை பூத்தது. முகமூடியை இறக்கிப் பேசியிருப்பாள், கையைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டாள் என்றார்கள். வேறு எப்படி நினைப்பார்கள்? திறந்த புட்டிக்குள் போவது அவள் கை மட்டும்தானே.

நான்கு நாளுக்கு முன், படிக்க வைத்திருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் என் சீட்டு ஒன்றைப் பார்த்தேன். என் எழுத்தை நானே ரசிக்கத்தான் பார்த்தேன், ஒளிப்பானேன்? மாதப் பெயரின் 'அ' எழுத்துச் சுழியில் ஒரு புள்ளி நகர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. கடுகில் நூறில் ஒரு பங்குகூட இராது. உண்ணி. மாட்டில் ஒட்டுவதல்ல, மாவுப்பசையைத் தின்ன வந்த பொடி உண்ணி. காலில் பூஞ்சைத் தூளைச் சுமந்து மூடி இடுக்கு வழியே உள்ளே போயிருக்கிறது. ஊட்டக்கூழின் மேல் பூஞ்சை, யாரோ நடந்துபோன தடம்போல் வரிசையாக முளைத்திருந்தது. கெட்டுப்போன புட்டிகளை எண்ணினேன், அறுபத்து மூன்று. ஐம்பத்தெட்டில் என் சீட்டு. மீதி ஐந்தும் அவற்றின் பக்கத்துப் புட்டிகள்.

அன்றே சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். பயம், ஐயா. வேலை போகும் என்ற பயம். அதைவிட, இந்தக் கிழவனுக்கு எழுத்து எதற்கு என்று நீங்கள் கேட்டுவிடுவீர்களோ என்ற பயம். நேற்று கைகழுவும் தொட்டியில் அவளைப் பார்த்தேன். எரிசாராயம் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கிறது. இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். "என் கையிலதான் ஏதோ இருக்குண்ணே. எவ்வளவு தேய்ச்சாலும் போக மாட்டேங்குது" என்றாள்.

தன் கையையே நம்பாதவள் நாளை எந்தக் கத்தியைப் பிடிப்பாள்? எந்த முளையை வெட்டுவாள்? எந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவாள்? கத்திக்காரி, எங்கே உட்கார்ந்திருக்கிறாய்? எழுந்திரு, தங்கச்சி. உன் கை சுத்தம். இந்தச் சபையில் மிகச் சுத்தமான கை உன்னுடையது.

தலைவர் ஐயா, இதோ இன்னொரு தாள். நான் சீட்டு ஒட்டிய புட்டி ஒவ்வொன்றும் எந்த அடுக்கில், எந்தத் தட்டில் இருக்கிறது என்று இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். இதில் இல்லாத, இவற்றைத் தொட்டும் இராத புட்டிகளை இன்றே வேறு அறைக்கு மாற்றுங்கள். உண்ணி நமக்காகக் காத்திருக்காது. விவசாயிகளே, அந்த வம்சம் இன்னும் பிழைத்திருக்கிறது. எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியாது.

தலைவர் ஐயா தாளை வாங்கிக்கொண்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிக்கிறார். நான் எழுதியதை ஒருவர் படிக்கிறார். படிக்கட்டும்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. தண்டனை எதுவானாலும் தலைவருக்கு நன்றி. நாளை வாசற்கதவு எனக்குத் திறக்குமோ, திறக்காதோ. திறக்காவிட்டால் அடுத்த வாரம் ஆய்வகத்துக்கு ஒரு கடிதம் எழுதுவேன். தளிர்கள் பிழைத்தனவா என்று கேட்டு எழுதுவேன். ஒரு வரி பதில் போடுங்கள். எழுத்துக்கூட்டியாவது நானே படித்துக்கொள்வேன். வணக்கம்.