மூக்கைத் தூக்கும் பொத்தான்

அந்தக் காரில் டீ கிளாஸ் வைக்க ஓர் இடம் கிடையாது, மேடம். எங்கள் பக்கத்து ஷேர் ஆட்டோக்காரர்கூட ஹேண்டில் பாரில் ஒரு கம்பி வளையத்தைக் கட்டி, அதில் கிளாஸை வைத்துக்கொண்டு ஜம்மென்று போகிறார். ஊரே திரும்பிப் பார்க்கும் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் நான், கல்மண்டபத்தில் டீ வாங்கினால் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டுதான் ஓட்டுவேன். பலமுறை சுட்டிருக்கிறது. எங்கே என்று நீங்கள் கேட்க மாட்டீர்கள் என நம்புகிறேன்.

முதலிலிருந்து சொல்லுங்கள் என்றீர்கள். எனக்கு எல்லாமே அந்த வண்டியிலிருந்துதான் தொடங்குகிறது, அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். துறைமுகத்தில் பிறர் பெயரில் வரும் கண்டெய்னர்களை விடுவித்துக் கொடுக்கும் கிளியரிங் ஏஜென்ட். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் சரக்கை வெளியே எடுத்தவன், தலை வழுக்கை விழுந்த பிறகு தனக்கென்று ஒன்றை எடுத்தேன். பெங்களூர் டாக்டர் ஒருவரிடமிருந்து செகண்ட் ஹேண்டில் வாங்கியது. என் மனைவி மெர்லின் வண்டியை ஒருமுறை சுற்றி வந்தாள். "பின்னாடி சீட்டு எங்க, டெரிக்?" என்று கேட்டாள். பின்னால் சீட்டே கிடையாது, நமக்கும் பிள்ளைகள் கிடையாது, கணக்குச் சரியாகப் போயிற்று என்றேன். அன்றைக்கு முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. எனக்கு அது தாமதமாகத்தான் உறைத்தது, ஏனென்றால் நான் டயர்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

குறை சொல்ல உட்கார்ந்தால் அந்த வண்டியில் நிறைய உண்டு. கண்ணாடியை இறக்கும் பொத்தானைக் கதவில் வைக்காமல் கியருக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். டோல்கேட்டில் ஒவ்வொரு முறையும் கதவைத் தடவிவிட்டு அப்புறம்தான் ஞாபகம் வரும். ஸ்டெப்னி டயர் கிடையாது, அதற்குப் பதிலாக ஒரு பசை பாட்டில் தந்திருக்கிறார்கள். டிக்கியில் ஒரு நண்டுக்கூடை வைத்தால் மூடி மூடாது. உள்ளே இறங்குவதற்குப் பத்மாசனம் தெரிந்திருக்க வேண்டும், வெளியே ஏறி வருவதற்கு யாராவது கை கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் நான் அதைக் காதலித்தேன். காலையில் வாசலுக்கு வந்து அதைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். மெர்லினைப் பார்த்து எப்போது அப்படி நிறைந்தது என்று யோசித்துக்கொண்டே சாவியைத் திருப்புவேன்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை. அதே காரின் விலை கூடிய மாடலில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் வண்டியின் முன்பக்கம் மெல்ல மேலே எழும்பும். வேகத்தடை வந்தால் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்கிவிடலாம். டாக்டர் கஞ்சத்தனம் பிடித்து அதை வேண்டாமென்றிருக்கிறார். பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில், கம்பெனிக்காரன் ஒரு வெற்று பிளாஸ்டிக் மூடியைச் செருகி வைத்திருந்தான். பார்ப்பதற்குப் பொத்தான் மாதிரியே இருக்கும். அழுத்தினால் அழுந்தும். ஒன்றும் நடக்காது. மேடு வரும்போதெல்லாம் நான் அதை அழுத்துவேன். படித்தவன்தான், மேடம், இருந்தும் அழுத்துவேன்.

எங்கள் தெருமுனையில் இருந்த வேகத்தடை சாதாரணமானதில்லை. அதைக் கேட்டு வாங்கியது குணசுந்தரி. காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து வந்து, எங்கள் முனையில் அலுமினிய அன்னக்கூடையை வைத்து விற்பவள். அவள் தங்கை வினிதாவின் காலை அங்கேதான் ஒரு டிரெய்லர் லாரி நசுக்கியது. அதற்கு மறுநாள் குணசுந்தரி நடுரோட்டில் மீன்கூடைகளைப் பரப்பி உட்கார்ந்துவிட்டாள். துறைமுகம் வரைக்கும் லாரிகள் நின்றன. நாற்றம் தாங்காமலோ நியாயத்துக்காகவோ, மேடு வந்தது. கோபத்தில் கேட்டதால் கோபமாகவே போட்டார்கள், நல்ல உயரம்.

என் வண்டி அதில் ஏறும்போது அடிவயிறு தேய்கிற சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். குணசுந்தரி வியாபாரத்தை விட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பாள்.

"இன்னா நைனா, உன் காரு இன்னும் தவழ்ந்துகினே கீது? எப்பதான் எந்திரிச்சு நடக்கும்?"

சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு இறங்கி, அவளிடமே சங்கரா மீன் வாங்குவேன். அதை அவள் கவர் மேல் கவராகப் போட்டு முடிச்சுப் போடுவாள். "உன் வண்டில ஒரு சொட்டு ஒழுவுச்சுன்னா நீ தூக்குல தொங்கிடுவ" என்பாள். என்னை அவ்வளவு நன்றாகப் புரிந்துவைத்திருந்தவர்கள் குறைவு.

ஒரு நாள் அவள் இன்னொன்றும் சொன்னாள். அதையும் நான் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

"நான் ரோட்டைக் கண்ணால பாத்துத் தாண்டுறது இல்ல நைனா. தலைல கூடை கீதே, எங்க திரும்பிப் பாக்குறது. காதுலதான் தாண்டுறேன். லாரி மேட்டுல ஏறும்போது பிரேக்கு புஸ்ஸுங்கும், பின்னால சங்கிலி கடகடங்கும். அது கேட்டா நிப்பேன். கேக்கலைன்னா ரோடு காலி."

லாரி இன்ஜின் சத்தம் எங்கள் பக்கத்தில் எந்நேரமும் உண்டு. அதை யாரும் தனியாகக் காதில் வாங்குவதில்லை. அவள் சொன்னது எனக்குப் புரிந்தது.

வருடா வருடம் எங்கள் கோயில் திருவிழாவுக்கு அந்த மேட்டை உடைப்பது வழக்கம். மாதா தேரின் சக்கரங்கள் சின்னவை. மேட்டில் ஏறினால் தேர் ஆடும், கிரீடம் சாயும், கிழவிகள் அழுவார்கள். அதனால் திருவிழாவுக்கு முன் உடைத்து, கொடி இறக்கிய வாரமே திரும்பப் போட்டுவிடுவார்கள். குணசுந்தரி மாரியாத்தாளைக் கும்பிடுபவள்தான், ஆனால் மாதாவுக்காக மேட்டை உடைக்கிற அன்று அவளே முன்னால் நின்று தண்ணீர் தெளிப்பாள். இந்த வருடம் விழாக் கமிட்டியின் செயலாளர் நான். மேட்டைத் திரும்பப் போடவைப்பது என் பொறுப்பு.

தேர் அழகாகப் போயிற்று. மறுநாள் காலை நானும் அழகாகப் போனேன். சொந்தத் தெருமுனையை ஒரு கீறல் சத்தமில்லாமல் முதன்முறையாகக் கடந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், மேடம், கண்ணில் நீர் வந்தது. என் கல்யாணத்தன்று வராத நீர்.

பிறகு நான் செய்தது மிகவும் சின்ன விஷயம். மேடு போடும் கான்ட்ராக்டர் அன்பரசனிடம், "ரோடு முழுசாப் புதுசாப் போடப் போறாங்களாம், கொஞ்சம் பொறுத்துப் போடலாம்" என்றேன். கமிட்டித் தலைவர் லியோனார்ட் அங்கிளிடம், "அன்பரசனுக்குத் தார் கிடைக்கலையாம், மழை விட்டதும் வந்துடுவான்" என்றேன். இருவரும் நல்லவர்கள், ஒருவரையொருவர் தொந்தரவு செய்ய விரும்பாதவர்கள். அவர்களிடம் எதையும் மூடி மறைக்க வேண்டியிருக்கவில்லை, ஆளுக்கொரு பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தால் போதுமாக இருந்தது. கஸ்டம்ஸில் பழகிய கை.

குணசுந்தரி மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். "நைனா, மேடு எப்பப் போடுவாங்க? அது இல்லாம காது செவுடு ஆனாப்ல கீது. பேஜாராக் கீது நைனா." அடுத்த வாரம் என்றேன். அடுத்த வாரமும் அதையே சொன்னேன். கோயில் ஆள் சொல்கிறாரே என்று அவள் நம்பினாள். ஒருமுறை அதற்காக எனக்கு இரண்டு கடமாவை, கணவாயை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம், சும்மா போட்டாள். வறுத்துச் சாப்பிட்டோம், ருசியாக இருந்தது.

இனி அன்றைய காலை. மெர்லின் பேக்கரிக்குள் போயிருந்தாள். நான் முனையில் இடது ஓரமாக வண்டியை நிறுத்தி உள்ளே இருந்தேன். வண்டிக்கு நேர்முன்னால்தான் குணசுந்தரியின் இடம். அவள் கூடையில் உருகிய ஐஸ் தண்ணீரை எதிர்ப்பக்கச் சாக்கடையில் கொட்டவும், அங்கேயே குழாயில் நல்ல தண்ணீர் பிடித்து வரவும் கிளம்பினாள். கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, ரோட்டின் ஓரத்தில் கொஞ்சம் நின்றாள். காது கொடுத்துக் கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை.

எனக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அந்த வண்டியில் பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடி மட்டும் அருமை, ஒரு குறையும் சொல்ல முடியாது. டிரெய்லர் வருவது அதில் தெளிவாகத் தெரிந்தது. மேடு இல்லாததால் அது வேகத்தைக் குறைக்கவில்லை.

முந்தாநாள் உங்களிடம் சாட்சியாக வந்தபோது, நான் ஆரன் அடித்தேன், ஆனால் அந்தக் காரின் ஆரன் கொசு கத்துவது போல இருக்கும், அவளுக்குக் கேட்டிருக்காது என்று எழுதிக் கொடுத்தேன். மற்ற குறைகளோடு அதையும் சேர்த்துக்கொண்டால் பொருத்தமாகவே இருந்தது. தெருவிலும் அப்படித்தான் சொல்லியிருந்தேன். அடக்கம் முடிந்து அவள் மகன் டில்லிபாபு வீட்டுக்கு வந்தான். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"எங்கம்மாவுக்கோசரம் நீ ஒருத்தன்தான் ஆரன் அடிச்சியாமே நைனா. அது போதும். நீ எங்க வூட்டு ஆளு."

நான் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தேன். காபி கொண்டு வந்த மெர்லின் டம்ளரை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அன்று அதற்குள் பேக்கரி வாசலுக்கு வந்து நின்றவள் அவள், எந்த ஆரன் சத்தமும் கேட்காதவள். பிறகு உள்ளே போனாள். அப்போதிருந்து உள்ளேதான் இருக்கிறாள்.

இன்று காலை நீங்கள் வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுவரச் சொல்லி, ஆரனை நீங்களே அழுத்திப் பார்த்தீர்கள். டீ கொண்டு வந்த ஏட்டையா கிளாஸைக் கீழே போட்டுவிட்டார். எதிர்க்கடையில் தூங்கிய நாய் எழுந்து ஓடியது. இத்தனை குறைகள் உள்ள வண்டியில் அதையாவது ஒழுங்காக வைத்தானே என்று எனக்கே தோன்றியது. பிறகு நீங்கள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள்: ஏன் அடிக்கவில்லை?

பதறிப்போய் என் விரல் பழக்கத்தில் அந்த வெற்றுப் பொத்தானுக்குப் போய்விட்டது என்று சொல்லலாமா என யோசித்தேன். நல்ல பதில். கேட்பவர்களுக்குக் கொஞ்சம் பரிதாபம்கூட வரும். ஆனால் உள்ளே லாக்கப்பில் அந்த லாரி டிரைவர் சுப்புராயன், "மேடு இருந்தா பிரேக்கு போட்டிருப்பனே, யாரு எடுத்தது அத" என்று அழுதுகொண்டே இருக்கிறார். அவர் கேட்பதற்கு இந்தப் பதில் பொருந்தவில்லை.

என் கட்டைவிரல் ஆரனின் மேல்தான் இருந்தது, மேடம். அழுத்தினால் அவள் திடுக்கிடுவாள். திடுக்கிட்டுப் பின்னால் ஒரு அடி வைப்பாள். தலையிலிருக்கும் கூடை சாயும். மீன் தண்ணீரும் உப்பும் செதிலும் என் பானெட் மேல் கொட்டும். அன்று காலையில்தான் நானே உட்கார்ந்து பாலிஷ் போட்டிருந்தேன். இவ்வளவையும் நான் நிதானமாக நினைத்துப் பார்த்தேன். நினைத்துப் பார்க்க நேரம் இருந்தது என்பதுதான் இதில் மோசம். பிறகு கட்டைவிரலை எடுத்துவிட்டேன்.

லாரி மோதி அவள் விழுந்ததும் கதவைத் திறந்து, வழக்கம்போலக் கஷ்டப்பட்டு வெளியே வந்தேன். முதலில் பானெட்டைப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. அவளை மீன் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றித்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பக்கத்திலேயே என் கார் நின்றது, ஊரிலேயே வேகமான வண்டி. அதில் ஏற்றலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. போகிற வழியிலேயே அவள் உயிர் போய்விட்டது.

மேட்டைப் போடவிடாமல் செய்தவன் நான். லாரியைப் பார்த்தும் வாயைத் திறக்காதவன் நான். சுப்புராயனை விட்டுவிடுங்கள். டில்லிபாபுவிடம் இதை நீங்களே சொல்லுங்கள், எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். மனசு லேசாகிவிட்டது. இப்போது நான் முழுக்க வேறு மனிதன் என்றே தோன்றுகிறது.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மேட்டை இனி உடனே போட்டுவிடுவார்கள், போடத்தான் வேண்டும். இரண்டு பக்கமும் கொஞ்சம் சரிவாகப் போடும்படி அன்பரசனிடம் சொல்லி வையுங்கள், மேடம். வண்டியை எடுத்துப்போக மெர்லின்தான் வருவாள், அவளுக்கு மூக்கைத் தேய்க்காமல் ஓட்டத் தெரியாது.