நிற்கும் பயிர்: இல்லை

வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளாது ஐயா. வயல் வயலாகப் போய்ப் பயிரைப் பார்த்து எழுதும் உத்தியோகத்தில் இருந்துகொண்டு இப்படிச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். பதினாறு வருடமாகக் குடையோடுதான் வரப்பில் நடக்கிறேன். ஊரில் என் பெயரே குடைக்காரர்தான்.

கதிர் முற்றும் சமயத்தில் போவேன். விவசாயியைப் பயிருக்குள் நிறுத்தி ஒரு போட்டோ எடுப்பேன். படிவத்தில் "நிற்கும் பயிர்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் "உண்டு" என்று நான் எழுதினால் அரசாங்க மானியம் வரும். நான் பார்ப்பதற்கு முன்னால் அறுத்துவிட்டால் வராது. அதனால் எனக்கு ஓடிவந்து நாற்காலி போடுவதுபோல் புது மாப்பிள்ளைக்குக்கூட யாரும் போட மாட்டார்கள்.

மிஷின்காரரும் போட்டார். எங்கள் வயலுக்கு அடுத்த வயல் அவருடையது. சுற்றுவட்டாரத்திலேயே அறுவடை மிஷின் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். சொந்தமில்லை என்றாலும் சின்ன வயதிலிருந்து மாமா என்றுதான் கூப்பிடுவேன். நான் கல்லூரியில் படித்த வருடம் அப்பா அவரிடம் மிஷின் கேட்டார். "நாளைக்கு அனுப்புறேன்" என்றார். ஒரு வாரத்துக்கு மேல் அதையே சொன்னார். மழை வந்தது. எங்கள் பயிர் மொத்தமும் சாய்ந்து சேற்றிலேயே முளைத்தது. படுத்த அப்பா எழுந்திருக்கவில்லை. "வேணும்னே பண்ணிட்டான் பாவி" என்று சுவரிடம் சொல்லிச் சொல்லியே இருபது நாளில் போய்விட்டார். எனக்கு வயிறு எரிந்தது. இன்னும் எரிகிறது.

நான் அவசரப்படவில்லை. பதினைந்து வருடமும் மாமாவுக்கு "உண்டு" என்றே எழுதினேன். இந்த வருடம் அவர் மிஷினை விற்று, கூடுதலாக நிலம் குத்தகைக்கு எடுத்து, கையிலிருந்த எல்லாவற்றையும் நெல்லில் போட்டிருந்தார். கதிர் பழுத்ததும் போன் செய்தார்.

"எப்ப தம்பி வர்ற? நெல்லு கொட்ட ஆரம்பிச்சிருச்சு."

"அறுத்துடாதீங்க மாமா, மானியம் போயிடும். நாளைக்கு வந்துடறேன்."

"நீ சொன்னா சரி. நாம என்ன அன்னியமா?"

தினமும் போன் வந்தது. தினமும் அதே பதிலைச் சொன்னேன். வானிலை அறிக்கையையும் தவறாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவர் மகன் பின்னாலிருந்து, "மானியமும் வேணாம் ஒண்ணும் வேணாம், அறுத்துடலாம்ப்பா" என்று கத்துவது கேட்டது. "சும்மா இருடா, அவன் நம்ம பையன்" என்று மாமா அதட்டினார்.

அறிக்கை சொன்ன தேதியில் மழை வந்தது. விட்டதும் உடனே போனேன். பயிர் பாய் விரித்தது போலப் படுத்துக் கிடந்தது. "நிற்கும் பயிர்: இல்லை" என்று எழுதினேன். அதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. மழைச் சேதத்துக்கு இன்னொரு படிவம் உண்டு. பருவத்தில் அறுக்காததற்குக் காரணம் கேட்பார்கள்; விவசாயியின் தவறு என்றால் நிவாரணம் கிடையாது. "விவசாயியின் அலட்சியம்" என்று எழுதி, கையெழுத்துக்காக அவரிடம் நீட்டினேன். படித்தார், என்னைப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். ஏன் என்று கேட்டிருந்தால் அப்பா பெயரைச் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து மோட்டார் அறைக் கதவை உடைத்துத்தான் அவரை வெளியே எடுத்தார்கள்.

துக்கம் கேட்கப் போனேன். அத்தை என்னை உள்ளே கூப்பிட்டார். கத்தவில்லை.

"உங்கப்பாவுக்காகத்தானே பண்ணின? அந்த வருஷம் மிஷின்ல பல்சக்கரம் உடைஞ்சு பட்டறையில கிடந்துச்சுப்பா. நாளைக்கு ரெடியாயிடும்னு பட்டறைக்காரன் சொன்னதைத்தான் இவரும் சொன்னார். எங்க வயலும்தான் அன்னைக்குச் சாய்ஞ்சு கிடந்துச்சு. நீ பார்க்கலையா?"

அடுத்த வயல்தான் ஐயா. ஒரு வரப்புதான் நடுவில். அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை.

மாமாவைக் கொன்றது நான்தான். திட்டம் போட்டுத்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். அத்தை சொன்னது மட்டும் பொய் என்று எழுதுங்கள். அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும்.