துப்பாக்கியப் புடுங்குன கேஸு

இல்லம்மா, உங்க சாரு ஊட்ல இல்லாததே நல்லதாப் போச்சி. உங்களாண்ட பேசத்தான் வந்தேன். கதவ சாத்தாதீங்க, சண்ட போட வரல. எம் பேரு ஜெபா. உங்க ஊட்டுக்காரரோட துப்பாக்கிய புடுங்குனாருன்னு கேஸு ஓடுச்சே, அந்த சாம்சனோட சம்சாரம்.

கல்பனாதான நீங்க? திருவாலங்காட்டுல எறங்கி போலீஸ் சுப்பராயன் ஊடு எதுன்னு கேட்டேன், தெருவு வரிக்கும் வந்து காட்டிட்டுப் போனாங்க. தண்ணியெல்லாம் வேணாம். சரி குடுங்க, இன்னா வெயிலு.

ரவுடியா? யாரு, உங்க சாரா சொன்னாரு? எங்காளு பல்லியப் பாத்தா என்னக் கூப்புடற ஆளும்மா. கும்மிடிப்பூண்டில இரும்புக் கம்பெனில ஃபர்னஸ் வேல. பர்மனென்ட் பண்ணுங்கன்னு காண்ட்ராக்ட்டு ஆளுங்க கம்பெனி கேட்டாண்ட உக்காந்தாங்க, இவரும் உக்காந்தாரு. கூட்டம் சேந்துச்சின்னு போலீஸ் போட்டாங்க. உங்க சாரும் பெரிய துப்பாக்கியோட நின்னாரு. ஒரு சண்ட கெடயாது. டீ வந்தா போலீசுக்கும் சேத்துதான் ஊத்துவாங்க.

அன்னிக்கி மத்தியானம் இவரு ஒண்ணுக்குப் போலாம்னு சைக்கிள் ஸ்டாண்டு பின்னால போய்கீறாரு. அங்க உங்க சாரு தரையில உக்காந்துகினு கீறாரு. ஒரு ஷூவ கழட்டி வச்சிட்டாரு. துப்பாக்கிய நிமுத்தி தாடைக்கு அடியில குடுத்துகினு, கால் கட்டவெரல...

உக்காருங்கம்மா. உங்களாண்ட சொல்லிருக்க மாட்டாருன்னு தெரியும்.

ஏன்னு எனக்கு இன்னா தெரியும்? லீவு குடுக்கல, லீவு குடுக்கலன்னு அதயே சொல்லிகினு இருந்தாராம். இவரு ஓடிப்போய் துப்பாக்கியப் புடிச்சி இழுத்துக்கீறாரு. அவரு வுடல. ரெண்டு பேரும் உருண்டாங்க. அதுல வெடிச்சி, மேல தகரத்தப் பொத்துகினு போச்சி குண்டு. சத்தம் கேட்டு மத்த போலீசு ஓடியாந்தா, ஸ்ட்ரைக் பண்றவன் கையில துப்பாக்கி, போலீசுக்காரரு கீழ கெடக்குறாரு. அவுங்களுக்கு வேற இன்னா தோணும்?

அரசாங்க ஊழியர அடிச்சது, ஆயுதத்தப் புடுங்குனது, கொல்லப் பாத்தது, எல்லாம் ஒரே கேஸுல. போலீஸ் துப்பாக்கில கை வச்சா சட்டம் லேசுல வுடாதாம். நல்லதுக்குதான் புடுங்குனேன்னு புடுங்குனவன் சொன்னா எடுபடாது, சுப்பராயன் வாயால வரணும்னு வக்கீலு சொன்னாரு. ஜாமீன்ல வந்தும் எந்தக் கம்பெனியும் இவர உள்ள வுடல. மீஞ்சூர்ல மூட்ட தூக்குனாரு.

உங்க சாரு கூண்டுல ஏறுனாரு. தலையத் தூக்கவே இல்ல. ஆமா, புடுங்குனாரு, என்ன சுடத்தான் வந்தாருன்னுட்டாரு. வேற மாதிரி சொன்னா வேல பூடும்னு பயந்திருப்பாரு. ஊட்டுக்கு வந்து நான் கத்துனேன். அன்னிக்கி வுட்டுத் தொலைச்சிருந்தா நமக்கு இன்னா வந்துச்சின்னு கேட்டேன். இவரு சாப்டுகினு இருந்தாரு, கைய மட்டும் கழுவிட்டு எழுந்துட்டாரு.

ஐயோ, கால்ல வுழாதீங்க. அவர மாத்தி சொல்லச் சொல்றேன்னு சத்தியம்லாம் பண்ணாதீங்கம்மா. அதுக்கு நான் வரல. காலையில தீர்ப்பு சொல்லிட்டாங்க. ஏழு வருஷம். அப்பீலு போலாங்குறாரு வக்கீலு, சொல்லிகினே பையத் தூக்கினு போயிட்டாரு. எம் பொண்ணு படிப்ப நிறுத்திட்டு கம்பெனி வேலைக்குப் போறேன்னு நிக்கிது. நானும் வேணாங்கல.

இவர ஜெயிலு வேன்ல ஏத்துறதுக்கு முன்ன கொஞ்சம் பேச வுட்டாங்க. பொண்ணப் பத்தி எதுனா சொல்வாருன்னு நின்னேன். நீ நேரா அவரு ஊட்டுக்குப் போ, அவரு சம்சாரத்தாண்ட சொல்லுன்னாரு. கூண்டுல நிக்கறப்ப அந்தாளு மூஞ்சியே சரியில்ல, மறுபடியும் பண்ணிக்கப் போறாரு, ஊட்ல ஒருத்தருக்காச்சும் தெரியணும், தனியா வுடாம பாத்துக்கச் சொல்லுன்னாரு.

அவ்ளோதாம்மா. ஜெயிலுக்கு மனு போட்டு பாக்கப் போனா சொல்லிட்டியான்னுதான் மொதல்ல கேப்பாரு.